மயிர், சுணை, தும்பு: எது எங்கிருந்து முளைக்கிறது?

ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும், எங்கள் வளவு முருங்கையின் அடிமரத்தில் யாரோ பழைய கம்பளியைக் கிழித்துச் சுற்றிவிட்டதுபோல மயிர்க்கொட்டிகள் (கம்பளிப்பூச்சிகள்) அப்பிக் கிடக்கும். திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் நான் வளர்ந்த வீட்டில் அந்த மரம் கிணற்றடியை ஒட்டியே நின்றது. எட்டு வயதில் ஒருநாள் வாளியை எடுக்கக் குனிந்தபோது முழங்கையை மரத்தில் உரசிவிட்டேன். அரை மணித்தியாலத்துக்குள் கை தடித்துச் சிவந்துவிட்டது. அம்மம்மா ஓடிவந்து என் மற்றக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டா. “சொறியாத பிள்ளை, சொறிஞ்சா இன்னும் உள்ளுக்குப் போகும்.”

என்ன உள்ளே போகும் என்று அவவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் அவ சொன்னது முழுக்கச் சரி. மயிர்க்கொட்டி கடிப்பதில்லை. அதன் மயிர்தான் உடைந்து எங்கள் தோலில் தைத்து நிற்கிறது. தேய்க்கத் தேய்க்க ஆழமாய் இறங்கும். செய்யவேண்டியது, ஒட்டுநாடா ஒரு துண்டை அந்த இடத்தில் அழுத்தி ஒட்டி, மெல்ல உரித்தெடுப்பதுதான். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டால் மட்டும் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிதான்.

பின்னாளில் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியபோது அந்த முழங்கை ஞாபகம் அடிக்கடி வரும். மயிர்க்கொட்டியின் மயிரும் என் தலைமயிரும் ஒன்றா? எருக்கிலையில் வெள்ளையாய்ப் பூத்திருப்பது என்ன? தேங்காயில் இருப்பதும் மயிர்தானா? வகுப்பில் கேட்டால் பாதிப் பிள்ளைகள் “ஓம்” என்பார்கள், பாதி சிரிப்பார்கள். (தமிழ்நாட்டு வாசகர்கள் இந்தச் சொல்லைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். எங்கள் பக்கத்தில் ‘தலைமயிர் வெட்டப் போறன்’ என்பது சாதாரணப் பேச்சு. பாடநூலிலும் ‘வேர்மயிர்’ என்றுதான் இருக்கும்.)

முதலில் பொருளைப் பார்ப்போம். எங்கள் தலையிலும் ஆட்டின் முதுகிலும் பூனையின் வாலிலும் இருப்பது கெரற்றின் என்ற புரதம். நகமும் குளம்பும் அதே சரக்குத்தான். தோலில் உள்ள சின்னக் குழி ஒன்றின் அடியில் கலங்கள் (உயிரணுக்கள்) பெருகி, கெரற்றினால் நிரம்பி, செத்து, மேலே தள்ளப்படுகின்றன. வெளியே தெரிகிற மயிர் முழுக்க உயிரற்றது. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை, பிடுங்கினால் வலிக்கிறது. இப்படிக் குழியிலிருந்து முளைக்கும் உண்மையான மயிர் பாலூட்டிகளுக்கு மட்டுமே உரியது.

மயிர்க்கொட்டிக்கும் தேனீக்கும் சிலந்திக்கும் இருப்பது வேறு. அதன் பொருள் கைற்றின். இறால் கோதில் இருப்பதும் அதுதான். பூச்சியின் உடலை மூடியிருக்கும் ஓடே மெல்லிய ஊசியாக வெளியே நீண்டிருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

செடியின் மயிர் மூன்றாவது வகை. இலையின் வெளித்தோலில், அதாவது மேற்றோலில், உள்ள ஒரு கலம் வெளிப்புறமாய் நீண்டு வளர்கிறது. சிலவேளை ஒரே கலம், சிலவேளை சங்கிலிபோலப் பல கலங்கள். சுவர் செலுலோசால் ஆனது. பருத்திப் பஞ்சின் ஒவ்வொரு இழையும் விதைத்தோலில் முளைத்த ஒற்றைக் கலம். ஒரு கலம் என்றால் கண்ணுக்கே தெரியாத ஒன்று என்று படித்திருப்போம். இந்தக் கலமோ இரண்டரை, மூன்று சென்ரிமீற்றர் நீளம். நீங்கள் போட்டிருக்கும் சேட்டு, விதைமயிரைத் திரித்து நெய்ததுதான்.

ஆக, மூன்றும் தனித்தனியாக, ஒன்றையொன்று அறியாமல், மூன்று வழியில் வந்தவை. பெயர்தான் ஒன்று.

இவற்றைப் பிரித்தறிய நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் கேள்வி ஒன்றே ஒன்று: எங்கிருந்து முளைக்கிறது? தோலிலிருந்து புறப்பட்டால் மயிர் என்று எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அது வேறு ஏதோ. தேங்காயை எடுங்கள். பச்சைத் தேங்காயின் வெளித்தோல் மழமழவென்று இருக்கும், ஒரு மயிரும் இல்லை. தும்பு இருப்பது அந்தத் தோலுக்கு உள்ளே, பொச்சுமட்டைக்குள். அது பழத்தின் நடுச்சுவரில் ஓடும் நார். உரித்த பிறகு சிரட்டையில் ஒட்டிக்கொண்டு தாடிபோலத் தெரிவதால் நாங்கள் ஏமாறுகிறோம். ஹபரணைப் பக்கம் வீதியோரத்தில் அவித்து விற்கும் சோளனிலும் இதே ஏமாற்று உண்டு. சோளப்பொத்தியின் நுனியில் தொங்கும் பட்டு இழை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பெண்பூவின் சூல்தண்டு. ஒரு இழைக்கு ஒரு மணி. இழையில் மகரந்தம் படாவிட்டால் அந்த இடத்தில் மணி கட்டாது, பொக்கைப் பல்போல இடைவெளி விழும். றம்புட்டானுக்குப் பெயரே மலாய் மொழியில் மயிரைக் குறிக்கும் ‘றம்புட்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆனால் அதுவும் கோதின் சதையோடு சேர்ந்த மென்முள். நிலாவெளிக் கடற்கரை மணலில் படர்ந்து காலைக் குத்தும் இராவணன் மீசை இருக்கிறதே, அது முழுக்க முழுக்கப் புல்லின் கூரிய இலையும் கதிரும். இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவு இருக்கிற ஊரில் மீசையும் கிடப்பது பொருத்தம்தான், ஆனால் மயிர்க்கணக்கில் சேராது.

இலவம்பஞ்சு இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் தண்ணி காட்டும். பருத்தியைப்போல அதுவும் விதையில் முளைக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். காயைப் பிளந்து பாருங்கள், விதை பஞ்சுக்குள் சும்மா கிடக்கும், ஒட்டியிராது. அந்த மயிர் காயின் உட்சுவரிலிருந்து உள்நோக்கி முளைத்தது. ஒவ்வொரு இழையும் உள்ளே வெறுமையான குழாய், வெளியே மெழுகுப் பூச்சு. அதனால் தண்ணீரில் நனையாமல் மிதக்கும். ஒருகாலத்தில் உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள்.

சரி, இவ்வளவு வேறுபட்டவை ஏன் ஒரேபோலத் தெரிகின்றன? என் எண்ணத்தில், மயிர் செய்யும் வேலைகளில் தலையானது காற்றைக் கட்டிப்போடுவது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அடர்ந்த மயிருக்குள் காற்று அகப்பட்டுக்கொண்டால் அது அசையாது. ஆட்டுக்குக் குளிராமல் இருப்பது மயிரால் என்பதைவிட, மயிர் பிடித்து வைத்திருக்கும் காற்றால் என்பது சரி.

ஆனி, ஆடியில் திருகோணமலையில் கச்சான் காற்று அடிப்பதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். மேற்கிலிருந்து வறண்டு, அனல்போல வரும். கொடியில் போட்ட சாரம் பத்து நிமிடத்தில் விறைத்துவிடும். அந்த வெயிலில் வீதியோரம் பச்சைவிடாமல் நிற்பது எருக்கு. அதன் இளம் இலையை விரலால் வழித்தால் மா பூசியதுபோல வெள்ளை ஒட்டும். அந்த வெள்ளை, நெருக்கமாய்ப் பின்னிய மயிர். வெயிலின் ஒரு பங்கை அது திருப்பி அனுப்புகிறது. இலைக்கு மேல் கொஞ்சம் ஈரக்காற்றையும் பிடித்து வைக்கிறது. கச்சான் அந்த ஈரத்தை நேரே உறிஞ்சிக்கொண்டு போக முடியாது. (பறித்துப் பார்ப்பவர்கள் பாலைக் கண்ணில் படவிட வேண்டாம், மிகக் கெடுதி.) காய் வெடித்தபின் பறந்து வரும் பட்டுப்போன்ற குஞ்சமும் மயிர்தான், அது விதைக்குப் பாய்மரம். ஒரே செடி இரண்டு இடத்தில் இரண்டு தேவைக்கு மயிர் வளர்த்திருக்கிறது.

எங்களுக்குக் குளிரினாலோ பயந்தாலோ கைமயிர் குத்திட்டு நிற்கும். ஒவ்வொரு மயிரின் அடியிலும் ஒரு சின்னத் தசை உண்டு, அது சுருங்கி மயிரை நிமிர்த்துகிறது. பூனைக்கு இது பயன்படும். மயிரைச் சிலிர்த்தால் குளிருக்குக் காற்று கூடுதலாய் அகப்படும், நாய் வந்தால் உருவம் பெரிதாய்த் தெரியும். எங்களுக்கோ மயிர் இல்லை, தசை மட்டும் பழக்கத்தை விடவில்லை. உண்மையில் மயிர் ‘இல்லை’ என்பதும் பிழை. எங்கள் உடம்பில் கிட்டத்தட்ட 50 இலட்சம் மயிர்க்குழிகள் இருக்கின்றன, குரங்கினத்துக்கு ஏறக்குறைய சமம். முளைப்பதுதான் மெலிந்து சிறுத்துவிட்டது. இந்தச் சிலிர்ப்புக்குத் தமிழில் ‘புல்லரித்தல்’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. உடம்பையே புல்தரையாகப் பார்த்த கண் அது.

காற்றைக் கட்டும் வேலையில் கெட்டிக்காரன் கடல்நீர்நாய். வட பசுபிக்கின் குளிர்நீரில் வாழ்வது, எங்கள் குளங்களில் இருக்கும் நீர்நாய்க்குச் சொந்தம். ஒரு மனிதத் தலையில் மொத்தமாக ஏறக்குறைய ஒரு இலட்சம் மயிர். கடல்நீர்நாய்க்கு அடர்ந்த இடங்களில் ஒரு சதுர சென்ரிமீற்றரிலேயே அதைவிடக் கூட. தோலுக்குக் கீழே கொழுப்புப் படை இல்லாமல், இந்தக் காற்றுப் போர்வையை வைத்தே சமாளிக்கிறது. நாள் முழுக்க மயிரைக் கோதிக்கொண்டிருப்பது அழகுக்கு இல்லை, காற்று போய்விட்டால் செத்துவிடும். திமிங்கிலமும் ஓங்கிலும் எதிர்வழி போயின. கொழுப்பை வைத்துக்கொண்டு மயிரைக் கைவிட்டன. ஆழத்துக்குப் போனால் நீரமுக்கம் மயிருக்குள் உள்ள காற்றை நசுக்கிவிடுமே. ஆனாலும் பாலூட்டி என்ற முத்திரை முழுதாய் அழியவில்லை. ஓங்கில் குட்டி பிறக்கும்போது மூஞ்சியில் சில மயிர் இருக்கும், பிறகு உதிரும். கோணேசர் கோயில் மலையில் நின்றே காணக்கூடிய பெரிய நீலத்திமிங்கிலத்துக்கும் தாடைப்பக்கம் சில மயிர் உண்டு. படகில் கிட்டப் போனாலும் தெரியாது, நம்பித்தான் ஆகவேண்டும்.

இதை வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. குளத்தில் பாய் விரித்ததுபோலப் படரும் சல்வீனியாவில் ஒரு துண்டை எடுத்து, வாளித் தண்ணீருக்குள் விரலால் அமுக்குங்கள். பச்சை இலை சட்டென்று வெள்ளிபோலப் பளபளக்கும். அது காற்றுப்படலம். விரலை எடுத்தால் மேலே வந்து, ஒரு துளி நனையாமல் மிதக்கும். அந்த இலையின் மயிர் ஒவ்வொன்றும் நாலாய்ப் பிரிந்து, நுனியில் மறுபடி ஒன்றாய்ச் சேர்ந்திருக்கும், முட்டை அடிக்கும் கம்பி மாதிரி. மயிர் முழுக்க மெழுகு, தண்ணீரை அண்டவிடாது. நுனிமட்டும் மெழுகில்லாமல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மேலே தண்ணீர் பிடிபட்டு நிற்பதால் கீழே உள்ள காற்று குமிழாய்க் கழன்று போக முடிவதில்லை. குளத்துக்கு நாசம் செய்யும் களைதான், ஆனாலும் இந்தச் சூட்சுமத்தை முதலில் கண்டபோது நான் அதைத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன்.

காற்றைக் கட்டுவதற்கு நேர்மாறான வேலையும் மயிர் செய்யும். கந்தளாய், தம்பலகாமம் பக்கம் வயலுக்கு வரும் யானையைப் பாருங்கள், முதுகில் அங்கொன்று இங்கொன்றாய்க் கம்பிமயிர். அவ்வளவு ஐதாக இருந்தால் காற்று அகப்படாது. ஒவ்வொரு மயிரும் உடம்புச் சூட்டை வெளியே கொண்டுபோய்க் காற்றில் விடும் கம்பியாகிவிடுகிறது. யானைக்கு மயிர் குளிர்ச்சி தருகிறது என்பதை 2012இல் வெளிவந்த ஒரு ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது. நெருக்கமாய் இருந்தால் போர்வை, ஐதாய் இருந்தால் விசிறி.

இனிச் சுணைக்கு வருவோம். நெற்கதிரிலும் கரும்பிலும் மூங்கில் குருத்திலும் உடம்பை அரிக்கும் அந்த நுண்மயிருக்குத் தமிழில் தனியே ஒரு சொல் இருக்கிறது. மானரோசத்துக்கும் அதே சொல்தான், ‘சுணை கெட்டவன்’ என்கிறோம் அல்லவா. தொட்டால் குத்துகிறவன்தான் சுணையுள்ளவன் போலும்.

செடியின் சுணை பலவிதம். பற்றைக்காட்டில் பூனைக்காலிக் காயில் கை பட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பொன்னிறப் பட்டுப்போல இருக்கும் அந்த மயிரில் புரதத்தை அறுக்கும் ஒரு நொதியம் இருக்கிறது, தோலில் தைத்ததும் அது வேலையைத் தொடங்கும். காஞ்சோன்றியோ இன்னும் நுட்பம். மயிருக்குள் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்கு ஒன்று ஊசியாய் நிற்கும். அது தோலைத் துளைக்க, பின்னால் எரிச்சல்நீர் இறங்கும். இவை பெரிய மிருகங்களுக்கு. சின்னப் பூச்சிகளுக்கு வேறு ஏற்பாடு. துளசியையும் கற்பூரவள்ளியையும் கசக்கினால் வரும் வாசம், மயிர் நுனியில் இருக்கும் எண்ணெய்ப் பை உடைவதால் வருவது. தக்காளிச் செடிக்குக் கம்பு கட்டிவிட்டு வந்தால் விரலெல்லாம் பச்சைமஞ்சளாய்ப் பிசுபிசுக்கும், அதுவும் மயிர்ச் சுரப்பிதான். நாங்கள் மணம் என்று கறிக்கும் மருந்துக்கும் பறிப்பது செடியின் ஆயுதக்கிடங்கை.

ஆனால் மயிர் கூடக்கூடப் பாதுகாப்பு என்று கணக்குப் போட முடியாது. இலையில் மயிர் நிறைந்த பருத்தியில் தத்துப்பூச்சி குறைவு, வெள்ளை ஈ அதிகம். ஒன்றுக்கு முள்வேலி, மற்றதுக்கு நல்ல ஒதுக்கிடம்.

கத்தரி இலையைக் கட்டாயம் பாருங்கள். கைத்தொலைபேசியின் கமரா வில்லையில் ஒரு சின்னத் தண்ணீர்த்துளியை வைத்து, கவனமாய்த் திருப்பிப் பிடித்தால் அதுவே உருப்பெருக்கி. இலையின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் கிட்டக் கொண்டுபோங்கள். மயிர் ஒவ்வொன்றும் நட்சத்திரமாய் விரிந்திருக்கும். என் மருமகள் முதலில் பார்த்தபோது “மாமி, இலைக்குள்ள வானம் கிடக்கு” என்றாள். அன்றைக்கு அவள் கத்தரிக்காய்க் கறியையும் மறுக்காமல் சாப்பிட்டாள், அது தனிச் சாதனை.

உணர்வுக்கென்றே வளரும் மயிரும் உண்டு. பூனையின் மீசை வேர் இரத்தம் நிறைந்த ஒரு பைக்குள், நரம்புகள் சூழ நிற்கும். நுனி லேசாய் அசைந்தாலும் தெரிந்துவிடும். ஆண் நுளம்பின் உணர்கொம்பு குஞ்சம்போல மயிர் நிறைந்தது. பெண் நுளம்பின் சிறகொலியைப் பிடிக்க அதுதான் காது. பல்லி சொல்லுக்குப் பலன் பார்க்கும் நாங்கள் பல்லி ஒட்டுவதற்குக் காரணம் பார்ப்பது குறைவு. அதன் விரலடியிலும் மயிர்தான். டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒரு பாதத்தில் கிட்டத்தட்ட 5 இலட்சம், ஒவ்வொன்றும் நுனியில் நூற்றுக்கணக்காய்ப் பிரியும். பசை கிடையாது. அத்தனை நுனிகளும் சுவரோடு நெருங்கும்போது மூலக்கூறுகளுக்கு இடையே வரும் சின்னச் சின்ன ஈர்ப்பு, சேர்ந்து பல்லியைத் தாங்குகிறது. கெரற்றின் வகைதான், ஆனால் குழியிலிருந்து முளைக்காததால் உண்மையான மயிர்ப் பட்டியலில் சேராது.

மண்ணுக்குள் இருப்பதையும் சொல்லாவிட்டால் குறை. 1937இல் டிட்மர் என்ற அமெரிக்க ஆய்வாளர், நாலு மாதம் வளர்ந்த ஒரேயொரு ‘றை’த் தானியச் செடியின் வேரை அலசிக் கணக்கெடுத்தார். வேர்மயிர் மட்டும் 1400 கோடியளவு. முனைக்கு முனை வைத்தால் 10,000 கிலோமீற்றருக்கு மேல். மிளகாய் நாற்றைப் பிடுங்கி நட்டால் இரண்டு நாள் தலை தொங்குவது இதனால்தான். வேர் தெரிகிறது, மயிர் அறுந்தது தெரிவதில்லை. மண்ணோடு பெயர்த்து, பின்னேரம் நட்டால் தப்பும்.

கடைசியாக மான். ஒரு மயிர் உதிர்ந்தாலும் உயிரை விடும் என்று சொல்லப்படுகிற கவரிமா மானே இல்லை, இமயமலைப்பக்கத்துச் சடைமாடு. கோயிலில் வீசும் சாமரம் அதன் வால்மயிர். எங்கள் ஊர்ப் புள்ளிமான்களுக்கு அந்தக் கொள்கை இருந்திருந்தால் பிரெட்ரிக் கோட்டை வாசலில் ஒன்றும் மிஞ்சியிராது. அவை வாழைப்பழத்தோலுக்கும், பாவம், பொலித்தீன் பைக்கும் கூச்சமில்லாமல் வருகின்றன. அப்படி வரும் ஆண்மான்களில் சிலவற்றின் கொம்பு தடித்து, மொட்டையாய், வெல்வெற் துணி சுற்றியதுபோல இருக்கும். காலை வெயில் பின்னாலிருந்து விழும்போது விளிம்பெல்லாம் பொன்மயிர் மின்னும். அது உயிருள்ள தோல். தொட்டால் சூடாய் இருக்கும் (தொட வேண்டாம், அதற்கு வலிக்கும்). உள்ளே ஓடும் இரத்தம்தான் கொம்பின் எலும்பை வளர்க்கிறது. வளர்ந்து முடிந்ததும் இரத்தம் நின்று தோல் காயும். போன முறை போனபோது ஒரு மான் வேப்பமரத்தில் கொம்பை வைத்து உரசிக்கொண்டு நின்றது. ஒரு பக்கம் இன்னும் வெல்வெற், மறுபக்கத்தில் உரிந்த தோல் கந்தல்போலக் கண்ணுக்கு முன்னால் தொங்கியது. தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தது. கந்தலின் ஓரத்தில் மயிர் இருந்தது. உரிந்த இடத்தில் ஈரச்சிவப்பாய் வெறும் எலும்பு.